கிளட்ச் விடாத டிரையம்ஃப் டி.ஆர்.4: ராடைத் திருகுவதா, ஹைட்ராலிக்கைப் பார்ப்பதா, கியர்பாக்ஸைக் கழற்றுவதா?

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை அக்கக்காகப் பிரித்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்து, என்ஜினையும் புதுப்பித்துச் சாலைக்குக் கொண்டுவந்த பிறகு, கிளட்ச் பெடலை அடிவரை மிதித்தும் முதல் கியர் கரகரவென்ற சத்தத்தோடுதான் விழுகிறது, ரிவர்ஸ் விழவே மறுக்கிறது என்றால், உரிமையாளர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கிளட்ச் லீவரைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடைத் திருகி அட்ஜஸ்ட் செய்யலாம். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஸ்லேவ் சிலிண்டர் வரையுள்ள ஹைட்ராலிக் பகுதியைச் சீர்செய்யலாம். அல்லது கியர்பாக்ஸைக் கழற்றி உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கலாம். முதல் வழிக்கு இரண்டு ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும் என்பதால் ஏறக்குறைய எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், பலர் அதிலேயே நின்றும் விடுகிறார்கள். எந்த வழி என்பதைச் செலவையோ நேரத்தையோ வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பெடலை முழுதாக மிதிக்கும்போது அந்தப் புஷ் ராடு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்ற ஓர் அளவு கையில் இருந்தால், எந்த வழி என்பதை அதுவே சொல்லிவிடும்.

இந்த ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது 1961 முதல் 1965 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான டிரையம்ஃப் டி.ஆர்.4. நான்கு சிலிண்டர், 2138 சி.சி. என்ஜின்; உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. அதே மிக்கெலாட்டி வரைந்த ஹெரால்டுதான் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் ஹெரால்டில் கை வைத்துப் பழகிய மூத்த மெக்கானிக்குக்கு இந்தக் காரின் கிளட்ச் முற்றிலும் அன்னியமாகத் தோன்றாது. இரண்டுமே பிரேக் ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்தான். ஆனால் டி.ஆர்.4-இல் ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு மரை வெட்டி, லாக் நட் போட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி இருக்கிறது. திருக ஓர் இடம் இருப்பதாலேயே திருகத் தோன்றுகிறது. எனவே அந்தத் திருகு எதற்காக வைக்கப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, புஷ் ராடு பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) பக்கவாட்டில் உள்ள லீவரை நகர்த்துகிறது. லீவரோடு சேர்ந்த குறுக்குத் தண்டு திரும்ப, அதில் மாட்டிய ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளி கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. மிதிக்காத நிலையில் வெளியே உள்ள ரிட்டர்ன் ஸ்பிரிங் லீவரைப் பின்னுக்கு இழுத்து வைப்பதால், பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். இதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். புஷ் ராடில் அளந்தால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வர வேண்டும். கிளட்ச் பிளேட்டின் பேசிங் (உராய்வுப் பட்டை) தேயத் தேய, பிரஷர் பிளேட் என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது, அதன் விரல்கள் பேரிங்கை நோக்கிப் பின்னால் வருகின்றன, இடைவெளி குறைகிறது. இடைவெளி முழுதும் போய்விட்டால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும்; கிளட்ச் நழுவத் தொடங்கும், பேரிங்கும் வெந்துபோகும். இப்படித் தேய்மானத்தால் குறையும் இடைவெளியைத் திரும்பக் கொடுப்பதற்காகவே புஷ் ராடில் மரை வைத்தார்கள். கிளட்ச் விடவில்லை என்ற குறைக்கான மருந்தாக அதை யாரும் வைக்கவில்லை.

ஆனால் பட்டறையில் கேட்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "சார், ராடை ரெண்டு சுத்து வெளிய எடுத்து விட்டா போதும், கியர் வெண்ணெய் மாதிரி விழும்" என்பார்கள். அன்றைக்கு விழவும் செய்யும், அதனால்தான் இந்தப் பழக்கம் இன்னும் நிலைத்திருக்கிறது. ராடை நீட்டும்போது ஃப்ரீ பிளே குறைகிறது. இடைவெளியைக் கடக்கச் செலவான இரண்டரை மில்லிமீட்டர் இப்போது விரல்களை அழுத்தப் பயன்படுகிறது. ஹைட்ராலிக்கில் எங்கோ இரண்டு மில்லிமீட்டர் காணாமல் போயிருந்தால், அதை ஃப்ரீ பிளேயிலிருந்து கடன் வாங்கி ஈடு கட்டியதாக ஆகிறது. ராடு நகரும் மொத்த தூரம் ஒரு நூலளவும் கூடுவதில்லை. ஏனென்றால் அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அளவு மட்டுமே. ராடின் நீளத்துக்கு அதில் பங்கில்லை. சில வாரங்களில் பேசிங் சற்றுத் தேய்ந்ததும் இடைவெளி முற்றிலும் மறைந்து, முன்பு விடாமல் இருந்த கிளட்ச் இப்போது பிடிக்காமல் நழுவும். உரிமையாளர் அதைப் புதிய கோளாறு என்று நினைத்துப் பிளேட்டைக் குறை சொல்வார்.

ராடைத் திருகுவது மிகச் சரியான தீர்வாக அமையும் நிலை ஒன்று உண்டு. பழைய பிளேட்டை எடுத்துப் புதிதாக பேசிங் அடித்த பிளேட்டை மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ராடைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். புதிய பேசிங்கின் தடிமனால் விரல்கள் பேரிங்கை விட்டு விலகிப் போயிருக்கும். ஃப்ரீ பிளே ஐந்தாறு மில்லிமீட்டராகக் கிடக்கும். மொத்தம் 15 மில்லிமீட்டர் நகரும் ராடில் ஐந்து மில்லிமீட்டர் வெற்று ஓட்டமாகப் போய்விட்டால் மிஞ்சுவது பத்துதான். அப்போது ராடை நீட்டி இடைவெளியை இரண்டரைக்குக் கொண்டுவந்தால் பன்னிரண்டரை கிடைக்கும், கியரும் முறையாக விழும். மறுசீரமைத்த காரில் இது அடிக்கடி நேரக்கூடிய ஒன்று என்பதால், ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் அசைத்து, ஃப்ரீ பிளே எவ்வளவு என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். டி.ஆர்.4-க்கு அடுத்து வந்த டி.ஆர்.4ஏ காலத்திலிருந்து சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக டயாஃப்ரம் ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட் வந்தது. அதில் ரிட்டர்ன் ஸ்பிரிங் கிடையாது. பேரிங் எப்போதும் மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கும், தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், அட்ஜஸ்ட் செய்ய எதுவுமில்லை. அறுபது வருடக் காரில் இடையில் யார் எதை மாற்றி மாட்டினார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. டயாஃப்ரம் கிளட்ச் உள்ள காரில் ஒரு ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்து மாட்டினால், லீவர் தேவையில்லாமல் பின்னுக்கு இழுபட்டு, இல்லாத வெற்று ஓட்டத்தை நாமே உண்டாக்கியதாகும். எந்த வகை கிளட்ச் உள்ளே இருக்கிறது என்று மறுசீரமைப்பின்போது எடுத்த படங்களைப் பார்த்தோ, வேலை செய்தவரைக் கேட்டோ உறுதி செய்துகொண்டு மேலே போக வேண்டும்.

இனி அந்த அளவுக்கு வருவோம். ஒருவர் இருக்கையில் அமர்ந்து பெடலை மெதுவாக அடிவரை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் காரின் அடியில், ஸ்டாண்டுகள் மேல் நிறுத்திய நிலையில், பெல் ஹவுசிங்கில் அசையாத ஒரு விளிம்பைக் குறியாகக் கொண்டு, அங்கிருந்து லீவரையும் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின் வரை வெர்னியர் காலிப்பரால் மிதிக்கும் முன்பும் மிதித்த பின்பும் அளக்க வேண்டும். டி.ஆர். கார் வைத்திருப்போர் நெடுங்காலமாகக் கொள்ளும் கீழ் எல்லை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் ஹைட்ராலிக் பகுதி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அளந்ததும் பெடலை விடச் சொல்லாமல் ஒரு நிமிடம் அப்படியே பிடிக்கச் சொல்லிக் கவனியுங்கள். ராடு மெல்ல மெல்லப் பின்வாங்கினால், எங்கும் ஆயில் சொட்டாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷரைத் தாண்டி ஆயில் திரும்பிப் போகிறது. வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் முதல் கியரில் நிற்கும்போது கார் தானாக முன்னே நகரப் பார்ப்பது இதனால்தான்.

இதோடு இன்னொரு சோதனையும் சேர்ந்தால் தீர்ப்பு உறுதியாகும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துக் கியரில் போடுங்கள். உயர்த்திய சக்கரம் கையால் சுழலாது. ஒருவர் பெடலை அங்குலம் அங்குலமாக மிதிக்க, ராடு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தபோது சக்கரம் விடுபட்டுச் சுழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ராடின் முழு ஓட்டம் முடிவதற்கு வெகு முன்னரே, நாலைந்து மில்லிமீட்டர் மீதமிருக்கும்போதே சக்கரம் விடுபட வேண்டும். ஓட்டத்தின் கடைசி மில்லிமீட்டரில்தான் விடுகிறது என்றால் சூட்டில் நிச்சயம் கரகரக்கும்.

ராடு 12.7 மில்லிமீட்டரை எட்டவில்லை என்றால் இரண்டாவது வழியே சரியான வழி, இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் காற்று. ஸ்லேவ் சிலிண்டரைத் தலைகீழாகப் பூட்டினால், காற்றை வெளியேற்றும் ப்ளீட் நிப்பிள் கீழேயும் ஹோஸ் மேலேயுமாக வந்துவிடும். அப்படி இருந்தால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே தேங்கிய குமிழி வெளியே வராது. நிப்பிள் மேலே இருக்க வேண்டும். லீவரிலிருந்து ராடை விடுவித்து, ஸ்லேவ் பிஸ்டனை முழுதும் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஏர் எடுத்தால், காற்று தங்க இடமே இல்லாமல் போகும். பெடலை இரண்டு முறை அடித்து மிதித்தால் கியர் ஒழுங்காக விழுகிறது என்பது காற்றுக்கோ மாஸ்டர் வாஷருக்கோ உரிய அடையாளம். அடுத்தது ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொன்னால், அது உள்ளங்கையில் புடைப்பதை உணர முடியும். ராடுக்குப் போக வேண்டிய ஆயில் அந்தப் புடைப்பில்தான் தங்குகிறது.

அதன்பின் பின்கள். புஷ் ராடின் கிளெவிஸ் பின்னை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும், அது நுழையும் லீவர் துளை நீள்வட்டமாகியிருக்கும். இந்த முனையில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் ராடின் ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் அப்படியே பயனற்றுப் போகிறது. பெடல் முனையிலும் இதே போன்ற பின் உண்டு. ஆனால் அங்கே நட்டம் வேறு கணக்கு. 0.70 அங்குல மாஸ்டரும் ஒரு அங்குல ஸ்லேவும் இருக்கும் அமைப்பில், மாஸ்டரின் ஒரு மில்லிமீட்டர் ஓட்டம் ஸ்லேவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பெடல் பின்னிலும் அதன் துளையிலுமாக மூன்று மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் ராடில் ஒன்றரை மில்லிமீட்டர் குறையும். இரண்டு முனைகளையும் கூட்டினால், பட்டறையில் ராடைத் திருகி ஈடு கட்டிய அதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கைக்கு வந்துவிடும். புதிய பின் கடைய காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு நல்ல லேத் பட்டறை போதும். நீள்வட்டமான துளையை வெல்டு வைத்து அடைத்து மீண்டும் துளையிடுவதும் அங்கேயே நடக்கும். இத்தனை எளிய வேலை இத்தனை பலன் தருவதால், புதிய சிலிண்டருக்கு இங்கிலாந்துக்கு ஆர்டர் போடும் முன் இதை முடித்துவிடுமாறு வற்புறுத்துவேன்.

மறுசீரமைத்த கார்களுக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தரைக்குப் புதிதாகத் தடிமனான கார்பெட்டும் அதனடியில் சத்தம் தடுக்கும் விரிப்பும் போடுகிறார்கள். பெடல் தரையைத் தொடும் இடத்தில் அது ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டால், மாஸ்டரின் ஓட்டம் அங்கேயே வெட்டுப்படுகிறது. கார்பெட்டைச் சுருட்டி வைத்துவிட்டு ராடை மறுபடி அளந்து பார்ப்பதற்குக் காசு எதுவும் ஆகாது.

மூன்றாவது வழியான கியர்பாக்ஸைக் கழற்றும் வேலை, ராடு 15 மில்லிமீட்டர் நகர்ந்தும், ஃப்ரீ பிளே சரியாக இருந்தும், சக்கரம் விடுபடவில்லை என்றால் மட்டுமே நியாயமாகிறது. அப்படி வந்துவிட்டால் அதைத் தள்ளிப் போடுவதிலும் பொருளில்லை. டி.ஆர். வரிசையில் இதற்குப் பேர்போன காரணம், குறுக்குத் தண்டில் ஃபோர்க்கை இறுக்கிப் பிடிக்கும் கூம்பு வடிவ பின். தண்டின் துளைக்குள் இருக்கும் அதன் நுனி முறிந்தாலும், தலைப்பகுதி பாதுகாப்புக் கம்பியோடு அப்படியே இருக்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. லீவர் முழுத் தூரம் திரும்பும், தண்டும் திரும்பும், ஃபோர்க் மட்டும் பின்தங்கும். முறிந்த பின்னை எடுத்துப் புதியதைப் போடுவதோடு நிற்காமல், ஃபோர்க்கையும் தண்டையும் ஊடுருவி இரண்டாவதாக ஒரு துளையிட்டு போல்ட் போட்டு முடுக்குவது அனுபவமுள்ளவர்கள் செய்யும் நல்ல ஏற்பாடு. அதை நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். உள்ளே இருக்கக்கூடிய மற்றக் காரணங்கள்: பிளேட்டைத் தலைகீழாக மாட்டி அதன் ஹப் ஃப்ளைவீலில் இடிப்பது, பேசிங் அளவுக்கு மீறித் தடிமனாக அடிக்கப்பட்டிருப்பது, பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே உயரத்தில் இல்லாமல் இருப்பது, ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் புஷ் கியர்பாக்ஸ் தண்டின் நுனியைக் கவ்விப் பிடிப்பது. ஐப்பசி கார்த்திகை மழையில் பல வாரம் ஓடாமல் நின்ற காரில், பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். முன்பு நன்றாக இருந்து நின்ற பிறகு திடீரென்று விடாமல் போனால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இந்தக் காரில் கியர்பாக்ஸைக் கீழே இறக்க முடியாது. இருக்கைகளையும் நடுவில் உள்ள கியர்பாக்ஸ் மூடியையும் எடுத்துவிட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டை விடுவித்து, காருக்குள்ளிருந்தே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. புதிதாகத் தைத்த சீட் உறைக்கும் கதவோரப் பெயின்டுக்கும் ஆபத்து. இந்த ஆபத்துதான் பலரை ராடைத் திருகிச் சமாளிக்கத் தூண்டுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

பெரிய மாஸ்டர் சிலிண்டர் மாட்டுவது என்ற நான்காவது யோசனையையும் சிலர் சொல்வார்கள். டி.ஆர். வரிசையில் 0.70 அங்குலம், 0.75 அங்குலம் ஆகிய இரண்டு விட்டங்களும் புழக்கத்தில் இருக்கின்றன. பெரியதை மாட்டினால் பரப்பு ஏறக்குறைய 15 சதவீதம் கூடுகிறது; 13 மில்லிமீட்டர் நகர்ந்த ராடு 15-ஐத் தொடும். ஆனால் பெடலின் பாரமும் அதே 15 சதவீதம் கூடும். சுருள் ஸ்பிரிங் கிளட்சில் அது காலுக்கு நன்றாகவே உறைக்கும். லீவரில் மூன்று துளைகள் இருந்தால், தண்டுக்கு அருகிலுள்ள துளைக்கு ராடை மாற்றுவதிலும் இதே லாபமும் இதே நட்டமும்தான்; நடுத் துளையே அதற்குரிய இடம். பின்களும் ஹோஸும் சரியாக இருந்து, யாரோ முன்பு சிறிய மாஸ்டரை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் பெரியதை மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பின் பள்ளம் விழுந்து கிடக்கும்போதே பெரிய மாஸ்டரை மாட்டுவதில் ராடைத் திருகுவதில் உள்ள அதே பிழை இருக்கிறது, செலவு மட்டும் அதிகம். கடன் வாங்கும் இடம்தான் ஃப்ரீ பிளேயிலிருந்து ஓட்டுநரின் காலுக்கு மாறுகிறது.

இந்த வழிகளை நம் ஊர் நிலைமையோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது கிளட்சை நூறு முறை மிதிக்க வேண்டிவரும். என்ஜின் அறையின் வெப்பத்தில், ஆயிலில் தங்கிய சிறு காற்றுக் குமிழியும் விரிகிறது. காலையில் வீட்டு வாசலில் 12.7 மில்லிமீட்டர் காட்டிய ராடு மதியம் அந்தப் பாலத்தில் 12.7 காட்டாது. எனவே எல்லையை ஒட்டிய அளவை இங்கே போதும் என்று ஏற்கக் கூடாது. ஆயிலைப் பொறுத்தவரை, கொதிநிலை அதிகமுள்ள டாட் 4 ஆயிலைப் போட்டு, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது இங்கே பொருந்தும். சிலிக்கோன் வகையான டாட் 5 பெயின்டைக் கெடுக்காது என்பது உண்மைதான். ஆனால் அதில் நுண்ணிய காற்று எளிதில் தங்கும், மற்ற ஆயிலோடு கலக்கவும் கூடாது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் போராடும் கிளட்சில் அதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

உதிரிப்பாகம் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதும் தேர்வை மாற்றுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவர் துரு தின்றிருந்தால், வாஷர் கிட் மட்டும் மாற்றுவது வீண். புதிய விளிம்பு அந்தக் குழிகளில் உரசிச் சில மாதத்தில் கிழிந்துவிடும். புதிய சிலிண்டர் இங்கிலாந்திலிருந்து வந்து சேரும் வரை காரை நிறுத்தி வைப்பதா, பழைய சிலிண்டருக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் பொருத்திக் கடைந்துகொள்வதா என்றால், நான் இரண்டாவதையே தேர்வேன். மூல சிலிண்டரின் வார்ப்பு நல்லது, ஸ்டெயின்லெஸ் மறுபடி துருப்பிடிக்காது. ஆனால் உட்சுவரைக் கண்ணாடி போல மெருகேற்றித் தரும் பட்டறையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். பின் கடையும் லேத் பட்டறைகள் எல்லாவற்றிலும் அந்த நுணுக்கம் கிடைக்காது.

ஆக, ஃப்ரீ பிளே அதிகமாக இருந்தால் ராடைத் திருகுங்கள்; ராடின் ஓட்டம் குறைந்தால் காற்று, ஹோஸ், பின், கார்பெட், மாஸ்டர் என்ற வரிசையில் போங்கள்; இரண்டும் சரியாக இருந்தும் விடவில்லை என்றால் தயங்காமல் கியர்பாக்ஸைக் கழற்றுங்கள். கழற்றியபோது கூம்பு பின் முறியாமல் இருந்தாலும் இரண்டாவது போல்டைப் போட்டுவிடுங்கள், ரிலீஸ் பேரிங்கையும் பைலட் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போது அவற்றின் விலை பொருட்டே அல்ல. எல்லாம் பூட்டி முடித்ததும் ஃப்ரீ பிளேயை இரண்டரை மில்லிமீட்டரில் வைத்து, ராடின் ஓட்டத்தை அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு பானட்டின் உட்புறம் ஒட்டிய ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை ஏறி இறங்கி, பேசிங் படிந்த பிறகு மறுபடி அளந்து, இரண்டாவது எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள். ஓட்டம் மாறாமல் ஃப்ரீ பிளே மட்டும் குறைந்திருந்தால், அந்த மரை எதற்காக இருக்கிறதோ அந்த வேலைக்கு அதைத் திருகலாம்.